துக்கத்துக்கு நடந்து வராதீர்கள்

அண்ணன் செத்துப்போன செய்தி கேட்டு ஓடோடி வந்த சென்னியப்பன், அண்ணன் வீட்டு வாசலில் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

ஓடி வந்ததுதான் தப்பு. செய்தி வந்தபோது அவர் குளக்கரையில் நடந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலை; நடைச் சங்கம் மொத்தமும் அங்கேதான் இருந்தது. யாரையாவது வண்டி கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். கூடப்பிறந்தவர் போய்விட்டார் என்று காதில் விழுந்த பிறகு எவன் வண்டிக்குக் காத்திருப்பான்? ஓடினார். முதல் தெருமுனை வரைக்கும் ‘ஐயோ, அண்ணா’ என்று நெஞ்சு அலறியது. இரண்டாவது முனையில் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியதும் பிடரியில் இருந்த பொத்தான் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. வேப்பமரம் அழகாகத் தெரிந்தது. குப்பை வண்டிகூட அழகாகத் தெரிந்தது. வீட்டை நெருங்கும்போது ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்து, அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குப் பின்னால் சிரிப்பு அப்படியேதான் இருந்தது.

கூடத்தில் வெள்ளிங்கிரியைக் கிடத்தியிருந்தார்கள். இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பேப்பரை மடியில் வைத்துவிட்டு அப்படியே போய்விட்டார். தலைமாட்டில் அவர் மனைவி சாந்தாமணி உட்கார்ந்திருந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தார். கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"வாங்க தம்பி," என்றார். "சந்தோசமா இருக்கறீங்களாட்ட இருக்குது?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டார். அதுதான் சென்னியப்பனுக்குத் தாங்க முடியவில்லை. "அண்ணி, அப்படியெல்லாம் இல்லீங்க, இது பொத்தானுங்க," என்று சொல்ல வாயெடுத்தார். வாயைத் திறந்ததும் வந்தது ஒரு கெக்கலிப்பு. சுற்றி இருந்த சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உடம்பை அசைத்தால் மனசு லேசாகும் என்று டாக்டர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஜனங்கள் தலையை ஆட்டிவிட்டு, ஆட்டியதையே உடற்பயிற்சியாக வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்கள். கோளாறு எங்கே என்று ஆராய்ந்தவர்கள் கடைசியில் கண்டுபிடித்தார்கள்: இயற்கை கொடுக்கிற சந்தோஷம் ரொம்பத் தாமதமாக வருகிறது, அதுவும் ரொம்பக் கஞ்சத்தனமாக. கைமேல் கொடுத்தால் எவன் நடக்க மாட்டேன் என்பான்? ‘குதூகலம்’ என்ற கம்பெனி, சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றைச் செய்தது. பிடரித் தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் போதும். தசை எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு ஆனந்தம், அப்போதே. முப்பது வயது தாண்டியவர்களுக்கு மட்டும்தான். குழந்தைகள் சும்மாவே ஓடுகிறார்களே.

அதன் பிறகு கோயம்புத்தூரில் லிஃப்டுகளுக்குள் சிலந்தி கூடு கட்டியது. துணி துவைப்பது யார் என்று புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொண்டார்கள், ஜெயித்தவர் துவைத்தார். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்களுக்குத் துடைப்பத்தைத் தொடக்கூடக் கொடுக்காமல் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அந்தப் பெண்களுக்குப் பொத்தானும் கிடையாது. உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு என்று அரசாங்கத்தின் ஆனந்த வாரியம் தெளிவாக விளக்கம் சொல்லியிருந்தது.

குளக்கரை நகருக்குப் பொத்தானைக் கொண்டுவந்ததே சென்னியப்பன்தான். நடைச் சங்கத்தின் தலைவர். வீடு வீடாக ஏறி இறங்கி, பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்லி, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போய் உட்கார்ந்திருந்து, ஒரு ஆள் பாக்கி இல்லாமல் வைக்கச் செய்தார். பாக்கி என்று சொன்னால் ஒரே ஒரு ஆள். மலையின் பெயரை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறாத மனிதர், சொந்த அண்ணன் வெள்ளிங்கிரி.

"ஏன்டா சென்னி, நடந்தாத்தான் சந்தோசம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற. எனக்கு வேண்டாம்டா. கால் வலிச்சா எனக்கு வலிக்கோணும். அதென்ன, வலிக்கறப்ப சிரிக்கறது?"

சங்கத்தின் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் இதற்குப் பதில் சொன்னார். எல்லாப் பெரியவர்களும் பொத்தான் வைத்துக்கொண்ட குடியிருப்புக்கு, ‘நூற்றுக்கு நூறு மகிழ்ச்சி’ என்று ஆனந்த வாரியம் வாசலில் பலகை நட்டுக் கொடுக்கும். பக்கத்து நகர்களில் எல்லாம் நட்டாயிற்று. "ஒத்தை ஆளு உக்காந்துட்டு ஊரு மானத்தை வாங்கறாருங்க," என்றார். வெள்ளிங்கிரி முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மெதுவாக எழுந்து வீட்டுக்குப் போனார். இரண்டு வருஷமாக அண்ணன் தம்பி பேச்சு இல்லை.

அந்த அண்ணன் செத்துக் கிடக்கையில், பேசாத தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றால் ஊர் என்ன நினைக்கும்? ஊரை விடுங்கள். அண்ணி நினைத்துவிட்டாரே. சென்னியப்பனுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அண்ணி கண்ணெதிரில் ஒழுங்காக ஒரு பாட்டம் அழ வேண்டும்.

அது லேசில் நடக்காது என்பது வீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. பெண்கள் வட்டமாக நின்று மாரடித்து அழ ஆரம்பித்தார்கள். குனிந்து நிமிர்ந்து அடித்து இரண்டு சுற்று வருவதற்குள் குரலில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் அது கும்மி. ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் வெரசா!" என்றாள். சாந்தாமணி மட்டும் அசையவில்லை. கட்டிப்பிடித்துத் தூக்க வந்தவர்களையெல்லாம் கையை உதறி விலக்கினார்.

"என்னை ஆரும் தூக்காதீங்க. எந்திரிச்சா போயிரும்."

"என்ன போயிரும்?"

"அழுகைதான்."

அவருக்கும் பொத்தான் இருந்தது. கொழுந்தன் மனசு நோகக் கூடாது என்று ஒப்புக்கொண்டு வைத்துக்கொண்டது.

சென்னியப்பன் பின்கட்டுக்குப் போய், சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டு, குதூகலம் சேவை மையத்துக்குப் போன் செய்தார்.

"வணக்கம், குதூகலம்!" என்றது ஒரு பெண் குரல், மூச்சிரைக்க.

"அம்மிணி, எங்க ஊட்டுல ஒரு துக்கமுங்க."

"ரொம்ப மகிழ்ச்சி சார்! ஐயோ, மன்னிச்சுக்குங்க சார். நாங்க இங்க சைக்கிள் மிதிச்சுக்கிட்டேதான் பேசுவோம். சொல்லுங்க."

"அழோணுமுங்க. சிரிப்பு வருது. பொத்தானை இன்னைக்கு ஒரு நாளைக்கு நிறுத்தி வெக்க முடியாதுங்களா?"

"பொத்தானுக்குக் காரணம் தெரியாது சார். தசை வேலை செஞ்சா சந்தோஷம் கொடுக்கும். கோயிலுக்கு நடந்தாலும் ஒண்ணுதான், கோர்ட்டுக்கு நடந்தாலும் ஒண்ணுதான். அடுத்த பதிப்புல துக்க நிலைன்னு ஒண்ணு வருது. அதுவரைக்கும் உடம்பை அசைக்காம இருந்துக்குங்க."

"எடுத்தே போட்டரலாமுங்களா?"

"எடுக்கலாம் சார். சின்ன அறுவைதான். ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" மிதிக்கிற வேகம் கூடியது, அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க நாள் இனிய நாளா இருக்கட்டும்!"

பிரச்சினை இப்போது பங்காளி ராசப்பனிடம் போனது. எந்தச் சாவுக்கு எது முறை என்று சொல்வதற்காகவே உயிரோடு இருப்பவர் அவர். வெள்ளிங்கிரிக்குப் பிள்ளை கிடையாது. கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பிதான். வீட்டிலிருந்து மின்மயானம் வரைக்கும் பாடைக்கு முன்னால் தீச்சட்டியோடு அவர் நடக்க வேண்டும்.

"கார்ல போயிரட்டுங்க," என்றாள் சென்னியப்பனின் மனைவி கோகிலா. "நடந்தா இவரு சிரிப்பாருங்க. ஊரே காறித் துப்பும்."

"கொள்ளி வெக்கறவன் கார்ல வந்த சரித்திரம் நம்ம வகையறாவுல கெடையாது," என்றார் ராசப்பன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "தூக்கிட்டுப் போறதுக்கு மட்டும் தடை ஒண்ணும் சொல்லலை."

அப்படியாகத்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டப்பட்டது. பிணத்தைத் தூக்க நாலு பேர், தம்பியைத் தூக்க நாலு பேர். நாலு பேர் கிடைப்பார்களா என்று கவலைப்பட்டதுதான் வேடிக்கை. சங்கத்து ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். நல்ல பாரம், நல்ல தூரம், ஞாயிற்றுக்கிழமை வேறு. எவன் விடுவான்?

"நீங்க போன எழவுல தூக்கினீங்கல்ல? நகருங்க," என்று பாடையின் பின்பக்கத்தில் ஒரு தள்ளுமுள்ளே நடந்தது.

ஊர்வலம் கிளம்பியது. வழக்கமாகத் தெருமுனையில் தோள் மாற்றுவார்கள். தோளில் பாரம் ஏறியதும் முகம் மலர்ந்த நாலு பேரும் மாற்றுவதற்கு மறுத்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் இடம் கேட்டுக் கெஞ்சினார்கள். பறை அடிப்பவர்களுக்குப் பொத்தான் இல்லை. கூலிக்கு அடிப்பவர்கள். அந்த ஊர்வலத்திலேயே சாவு வீட்டு முகம் அவர்களுக்குத்தான் இருந்தது. டீக்கடை வாசலில் ஒருவர், நாற்காலியில் பவனி வரும் சென்னியப்பனையும் சுற்றிலும் சிரித்த முகங்களையும் பார்த்துவிட்டு, "பொண்ணு எந்த ஊருங்க?" என்று விசாரித்தார்.

நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்கு, மெல்ல மெல்லப் பொத்தான் அடங்கியது. காலைக் கூட ஆட்டவில்லை அவர். தீச்சட்டியை மடியில் ஒரு தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வர வேண்டிய பாடை நாற்காலியை எட்டிப் பிடித்திருந்தது; அவருக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அண்ணன் போய்க்கொண்டிருந்தார். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. தினமும் காலையில் சங்கம் அண்ணன் வீட்டைத் தாண்டிப் போகும்போது, வெள்ளிங்கிரி முன்வராந்தாவில் உட்கார்ந்து பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். தம்பி தாண்டிப் போனதும் பேப்பரைத் தாழ்த்திப் பார்ப்பார். பார்க்கிறார் என்பது தம்பிக்கு எப்படித் தெரியும்? தம்பி திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான் இரண்டு வருஷத்து உறவு. அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்று சங்கத்தில் சண்டை போட்டு வழியை மாற்றியவரே சென்னியப்பன்தான். வேறு தெருவில் நிழல் அதிகம்.

இதை நினைத்ததும் அழுகை வந்தது. குலுங்கிக் குலுங்கி வந்தது. ‘அப்பாடா’ என்றுகூட இருந்தது அவருக்கு. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், எதிரே குளம்.

"டேய், எங்கடா போறீங்க? மயானம் அக்கட்ட!"

கால் பழகிய பாதை. வீட்டிலிருந்து கிளம்பி, டீக்கடை தாண்டி, இடது பக்கம் திரும்பினால் குளக்கரை. மூன்று வருஷமாக அந்தக் கால்கள் வேறு எங்கே போயின? ஆனந்தம் தலைக்கு ஏறிவிட்ட பிறகு பாதையைப் பார்ப்பது கால்கள்தான்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்தரலாமுங்க தலைவரே!" என்றார் பாடையின் முன்கட்டையைப் பிடித்திருந்தவர். "அண்ணனுக்கும் நல்லதுதானுங்க!"

"நிறுத்துங்கடா!"

யாருக்கும் காதில் விழவில்லை. சென்னியப்பன் தட்டையும் தீச்சட்டியையும் பக்கத்தில் வந்த ராசப்பனின் கையில் திணித்துவிட்டு நாற்காலியிலிருந்து குதித்தார். பாடைக்கு முன்னால் போய்க் கையை விரித்து நிறுத்த வேண்டும் என்று ஓடினார். ஓடினாரா, முடிந்தது. பாடைக்கு முன்னால் போய் நின்று கையை விரித்தபோது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சங்கத்து ஆட்கள் பார்த்தார்கள். தலைவர், விரிந்த கைகள், சிரித்த முகம். வழக்கம்போல முன்னால் நின்று நடத்திப்போக வந்திருக்கிறார் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார்கள். பின்னால் வரும் பாடை இடிக்காமல் இருக்க அவரும் ஓட வேண்டியதாயிற்று. உயிரோடு இருந்தவரைக்கும் அந்தக் குளத்தை ஒரு சுற்றுக்கூட வராத வெள்ளிங்கிரி, செத்த பிறகு முழுச் சுற்றும் வந்தார். தம்பி சிரித்துக்கொண்டே முன்னால் ஓடினார்.

மயானத்தில் நீர்க்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று முறை சுற்றி வர வேண்டும். குடம் நல்ல கனம். ராசப்பன் பின்னாலேயே வந்து கல்லால் ஓட்டை போட்டார், தண்ணீர் பீய்ச்சியது. கடைசிச் சுற்றில் குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்தபோது சென்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே ஒரு மூலையில் அவர் செத்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்த சென்னியப்பனைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். சங்கத்தின் செல்போன் குழு வழியாக அந்தக் காட்சி, அவர் குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்புவதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

அதைவிடப் பெரியது ஒன்று குளக்கரை நகர் வாசலில் காத்திருந்தது. நீல நிறத்தில், பளபளவென்று ஒரு பலகை. சிமெண்டு ஈரம் காயவில்லை. பக்கத்தில் ஆனந்த வாரியத்து அதிகாரி ஒருவர் சால்வையோடு நின்றபடி, இருந்த இடத்திலேயே ஜாகிங் செய்துகொண்டிருந்தார்.

"வாழ்த்துக்கள் சார்! இன்னைக்குக் காலையில கம்ப்யூட்டர் தானாவே கணக்குப் போட்டுடுச்சு. பொத்தான் இல்லாதவர் ஒருத்தர் இருந்தாராம், குறைஞ்சுட்டார். நூத்துக்கு நூறு! ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பார்க்காம ஆளைப் போட்டு நட்டுட்டோம்."

சென்னியப்பன் ஏதாவது சொல்வதற்குள் ஈரத் தோளில் சால்வை விழுந்தது. கூட்டம் கை தட்டியது. கை தட்டியதில் கூட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷம் வந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்கள். வாசலில் இருந்து பார்த்தால் அண்ணன் வீட்டு ஜன்னல் தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் சாந்தாமணி உட்கார்ந்திருந்தார். எட்ட இருந்தே கொழுந்தனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை முதல் ஆளாகச் சென்னியப்பன் ஆஸ்பத்திரியில் போய் நின்றார். ஆட்டோவில்தான் போனார்.

அங்கே டாக்டர் தாமரைச்செல்வி அவருக்கு நன்றாகத் தெரிந்தவர். ஊரில் பாதிப் பேருக்குப் பொத்தான் வைத்தது அந்தக் கைதான். "தலைவரே, நீங்களேவா?" என்றார். "நீங்க எடுத்துட்டா அந்த போர்டை இறக்கிடுவாங்க. ஊரே உங்களை ஒதுக்கி வெச்சிடும். நல்லா யோசிச்சீங்களா?"

"எங்கண்ணனை ஒதுக்கி வெச்ச ஊருதானுங்க. எனக்கும் எடம் இருக்கும். எடுங்க."

எடுத்தாயிற்று. பிடரியில் ஒரு பிளாஸ்திரி. அண்ணன் வீட்டுக்குப் போக ஆட்டோவைக் கைகாட்டப் போனவர், ‘இனிமேல் என்ன?’ என்று கையை இறக்கிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

நடை என்பது இப்படி ஒரு வேதனை என்று அவருக்கு மறந்தே போயிருந்தது. முழங்கால் குத்தியது. வெயில் சுட்டது. செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது உறைத்தது. தபாலாபீஸைத் தாண்டுவதற்குள் அண்ணன் வந்துவிட்டார். பேப்பரும் கையுமாக, கட்டைவிரல் கட்டோடு, மைக் முன்னால் முன்வரிசையிலிருந்து எழுந்து போன முதுகாக. சென்னியப்பன் நடுத்தெருவில் அழுதுகொண்டே நடந்தார். நடந்துகொண்டே அழுகிற ஆளை அந்த ஊர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு அம்மாள், "வண்டி ஏதும் இடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு நடந்தார். அழுகை நல்ல அழுகையாக இருந்தது. இப்படியே போய் அண்ணி முன்னால் நின்றுவிட வேண்டும்.

பாலத்தைத் தாண்டியபோதுதான் விபரீதம். காற்று முகத்தில் பட்டது. நெஞ்சுக்குள் எங்கேயோ, ஒரு மூலையில், கொஞ்சம் லேசாக இருந்தது.

நின்றார். கண்ணைத் தொட்டுப் பார்த்தார்; ஈரம் இருந்தது. துக்கமும் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இதுவும் இருந்தது. திரும்பி ஆஸ்பத்திரிக்கே விறுவிறுவென்று போனார்.

"டாக்டரம்மா, சரியா எடுக்கலீங்க. உள்ள ஒரு துண்டு தங்கிப் போச்சு."

தாமரைச்செல்வி கருவியை வைத்துப் பார்த்தார். எடுத்த பொத்தானைக் கிண்ணத்தில் காட்டினார். முழுசாக இருந்தது.

"உள்ள ஒண்ணும் இல்லீங்க."

"இருக்குதுங்க. நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் லேசா வந்துச்சு. முன்னாடி மாதிரி இல்ல, ரொம்பக் கொஞ்சம். ஆனா வந்துச்சு. எங்கண்ணன் போயி ஒரு நாள்தானுங்க ஆவுது. எனக்கு அது வரக் கூடாது."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "அது நாங்க வெச்சது இல்ல."

"பின்ன ஆரு வெச்சது?"

"பொறக்கறப்பவே உங்களுக்கு இருக்கறது. நடந்தா கொஞ்சம் கொடுக்கும். லேட்டாத்தான் கொடுக்கும். எங்க பொத்தான் போட்ட சத்தத்துல அது இத்தனை வருஷம் காதுல விழாமப் போச்சு, அவ்வளவுதான்."

"அதையும் எடுத்தரலாமுங்களா?"

"முடியாதுங்க."

சென்னியப்பன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "அப்புறம் நான் எப்படி அண்ணி மூஞ்சில முழிப்பேன்? மறுக்காவும் சிரிச்சிட்டு வந்திருக்கறான்னு நெனைக்க மாட்டாங்களா?"

"உங்களுக்கு இப்ப அழுகை நின்னு போச்சா?"

யோசித்தார். "இல்லீங்க."

"அதான். பொத்தான் உங்க துக்கத்தைத் துடைச்சுப் போட்டுட்டு அந்த எடத்துல வந்து உக்காரும். இது அப்படி இல்ல. துக்கம் இருக்கட்டும்னு விட்டுட்டுப் பக்கத்துல உக்காரும். எங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணு செய்யத் தெரியல." டாக்டர் பொத்தான் கிண்ணத்தை மூடி வைத்தார். "செய்யத் தெரிஞ்சிருந்தாலும் கம்பெனி ஒத்துக்கிட்டிருக்காது. இவ்வளவு கொஞ்சமாக் கொடுத்தா யார் வாங்குவாங்க?"

சென்னியப்பன் மறுபடி நடந்தார். இந்த முறை நிற்காமல் நடந்தார். குளக்கரை நகர் வாசலில் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் அவரைவிட வேகமாக வேலை செய்திருந்தது. நேற்றுக் கை தட்டியவர்கள் இன்று அவரைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். ஒருவர் மட்டும், "என்னங்க தலைவரே, உங்களுக்கே இது நாயமா?" என்று போகிற போக்கில் உற்சாகமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் வீட்டில் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சாந்தாமணியின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தரையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு ரவுண்டுங்க அக்கா. குளத்தைச் சுத்தி வந்தா எல்லாம் சரியாயிரும். உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றோம்."

"விடுங்க அவங்களை," என்றார் சென்னியப்பன்.

குரலில் என்ன இருந்ததோ, விட்டுவிட்டார்கள். அவர் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அழுகை தங்கள் மேல் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தவர்களாக வெளியே போனார்கள். வாசலைத் தாண்டியதும் வேக நடை போட்டார்கள்.

சென்னியப்பன் அண்ணிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வந்திருந்தார். "மைக்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க அண்ணி," என்றார். உடனே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெகு நேரம் அழுதார். சாந்தாமணியும் அழுதார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் மெல்லத் தளர்ந்தது.

அழுது முடித்துத் துண்டை எடுத்தபோது, நடந்து வந்த வியர்வை இன்னும் அவர் நெற்றியில் இருந்தது. முகத்தில் அந்த லேசும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும். மறைக்கத் தெரியவில்லை. அண்ணி அதைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் அவருக்கு உயிரே இல்லை.

சாந்தாமணி அவர் முகத்தையே பார்த்தார். பிடரியில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து நடந்தேவா வந்தீங்க?"

"ஆமாங்க அண்ணி."

"அழுதுக்கிட்டே?"

"ஆமாங்க."

"கூட இதுவும் வந்துச்சா?"

பொய் சொல்ல முடியவில்லை. "கொஞ்சமா வந்துச்சுங்க. போக மாட்டேங்குது."

அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தபடியே, அலமாரிப் பக்கம் தலையைக் காட்டினார். அங்கே கார் சாவி தொங்கியது.

"அதை எடுங்க தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப என்னைக் கார்ல கூட்டிட்டுப் போயிருங்க," என்றார். "வாரப்ப நடந்துக்கலாம்."